எலிமருந்துப் பெட்டியில் குதிக்கும் எழுத்து

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாமா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே நம் அச்சுக் கடையில் இப்போது நன்றாக ஓடுவது, கையால் வரைந்த ஓர் எழுத்துரு. ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து குதிக்கிற மாதிரி இருக்கும். பொம்மைக் கடைப் பலகையில் பெரிதாகப் போட்டால் கண்ணைப் பறிக்கும். பொடியாக நாலு வரி போட்டால் படிக்கவே முடியாது.

போன வாரம் எலிமருந்து வியாபாரி ஒருவர், தன் பெட்டிக்கு அதையே கேட்டார். வேண்டாம் என்றேன்.

"காசு கொடுக்கிறது நான்தானேம்மா? போட்டுக் கொடு."

பெரிய ஆர்டர். அவர் கேட்டபடியே மாதிரிப் பெட்டி ஒன்று செய்தேன். பார்க்க வந்தவர் பேத்தியையும் கூட்டி வந்தார். அது நேராகப் பெட்டியை எடுத்து, "தாத்தா, மிட்டாய்!" என்று கடித்துவிட்டது. வெறும் பெட்டிதான், பயப்படாதீர்கள். மனுஷன் முகம் வெளுத்துவிட்டது.

"சாயாத கட்டை எழுத்திலேயே போடும்மா. மண்டை ஓடு பெரிசா இருக்கட்டும்" என்றார். ஆர்டர் கையை விட்டுப் போகவில்லை.

இன்னொன்று. போன கடிதத்தில் நம் சின்னவளின் எழுத்து நேராக நிற்கிறது. எப்போது திருந்தியது? அவள் கோணல்மாணலாகக் கிறுக்கிய பழைய தாள்களை எடைக்குப் போட்டுவிடாமல் எனக்கு அனுப்புங்கள். தொழிலுக்குத்தான் கேட்கிறேன்.

கடைக்கு ஆள் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். தாள்களை மடிக்காமல் அனுப்புங்கள்.

உங்கள் வீட்டுக்காரி