பிரஸ் மெஷினில் நிற்க வேண்டாம்

படப்பை,
சனிக்கிழமை, 12.6.2004

சுகப்பிரியா அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் நல்லா இருக்கோம். நேத்து ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப கீழ எழுதியிருக்கிறதையெல்லாம் நேர்லயே சொன்னேன். "சரி"ன்னு தலையாட்டினீங்க. இன்னைக்குக் காலையில ஹவுஸ் ஓனர் வீட்டுக்குப் போன் பண்ணி, "புதன்கிழமை டிஸ்சார்ஜ், மறுநாளே தகடு வெட்டுற பிரஸ்ல நிப்பேன்"னு சொல்றீங்க. அதான் எழுதுறேன்.

வியாழக்கிழமை டாக்டர் வச்ச சோதனையில பாஸ்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கீங்க. நான் உங்க பின்னாடிதான் நின்னேன். அவர் சொன்ன மூணு வார்த்தையில ஒண்ணுகூட அஞ்சு நிமிஷம் கழிச்சு உங்களுக்கு வரல. கடிகாரம் வரையச் சொன்னார். நம்பரையெல்லாம் ஒரே பக்கமா எழுதிட்டுச் சிரிச்சீங்க. நான் வெளியே போயிட்டேன்.

"குடியை நிறுத்தி மூணு வாரமாகியும் ஞாபகம் நிக்கலம்மா. இனி குடிக்காம இருந்தா தேறலாம், மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். அதுவரைக்கும் மெஷின் பக்கம் விடாதீங்க"ன்னு டாக்டர் எங்கிட்ட சொன்னார்.

அன்னைக்கு சாயங்காலமே கம்பெனி வாசல்ல உங்க சூப்பர்வைசருக்காகக் காத்திருந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "இதை மேல சொன்னா வேலையே போனாலும் போயிடும்மா"ன்னார். "போனா போகட்டும் சார், பிரஸ்ல மட்டும் விடாதீங்க"ன்னேன். அப்புறம், "பேக்கிங்ல உக்காரட்டும், நான் பார்த்துக்கிறேன்"னார்.

உங்களைக் கேக்காமத்தான் செஞ்சேன். இந்தக் கடுதாசியைச் சட்டைப் பையிலயே வச்சுக்குங்க. மறந்து போறப்பல்லாம் எடுத்துப் படிங்க. ஒவ்வொரு தடவையும் எம்மேல புதுசா கோபம் வரும். வரட்டும். உங்க பத்து விரலும் எனக்கு வேணும்.

இப்படிக்கு,
உங்க பிள்ளையைப் பெத்தவ