செருப்போடு கும்பிட்ட குடில்

பாச்சாங், மலாக்கா
நவம்பர் 25

அன்புள்ள மகன் ஆண்ட்ரூவுக்கு,

மாதாவின் தயவில் நானும் அப்பாவும் இங்கே உயிரோடு நலம். பெர்த்தில் நீ, ஷெர்லீன், பேரன் ரையன் மூவரும் சுகமாக இருக்க என் ஜெபம். உயிரோடு என்று எழுதியதைப் பார்த்துப் பயப்படாதே, காரணம் வருகிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுகிறார்.

ரையன் முதல்முறையாகக் கிறிஸ்துமஸுக்கு வருகிறான் என்று அப்பா இப்போதே வாசலில் குடில் கட்டிவிட்டார். அருவி, ஓடை, பம்பு, கலர் லைட் எல்லாம் உண்டு. போன வருடம் கேரல் பாட வந்தவர்கள் முன்னால் மழை தூறி, இ.எல்.சி.பி. விழுந்து வீடே இருட்டானதைச் சொன்னேன் அல்லவா. கரண்ட் கசிந்தால் தானே விழுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. உன் அப்பாவுக்கோ அது அவர் மானத்தை வாங்கிய பெட்டி. அதனால் இம்முறை ஏர்கோன் மெஷினுக்காக வெளிச்சுவரில் இருக்கும் ஐசோலேட்டர் சுவிட்சிலிருந்து குடிலுக்கு வயர் இழுத்துவிட்டார். அந்த லைன் இ.எல்.சி.பி. வழியாக வருவதே இல்லை. கொட்டுகிற மழையிலும் மாட்டுத்தொழுவம் ஜெகஜோதியாக எரிந்தது. "பாத்தியா ரோசலின், இது விழவே விழாது லா" என்று பெருமை வேறு. சுங்கை ஊடாங் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் விபத்துத் தடுப்புப் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர்.

நம் நாய் ஓடையில் வாய் வைத்துக் கத்திக்கொண்டு ஓடியது. குடிலில் வைத்த ஒட்டகப் பொம்மையைப் பார்த்துப் பயம் என்றார் அப்பா. தண்ணீர் மாற்றும்போது எனக்கு விரல் சுரீர் என்றது. நரம்புத் தளர்ச்சி, மீன் எண்ணெய் சாப்பிடு என்றார். நானும் சாப்பிட்டேன். பிறகுதான் அவர் காலைக் கவனித்தேன். பங்கு ஃபாதரையே செருப்பைக் கழற்றிவிட்டுக் குடில் முன்னால் நிற்க வைத்தவர், இப்போது ரப்பர் செருப்போடு குழந்தை இயேசுவைக் கும்பிடுகிறார். கேட்டால் தரை சில்லென்று இருக்கிறதாம், மலாக்காவில். அப்படியானால் குடிலில் கரண்ட் கசிவது இவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரையன் தண்ணீரைக் கண்டால் முதலில் கை வைக்கப்போவது இந்த ஓடையில்தானே, அவனுக்கும் செருப்பு வாங்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் நேரே போய் ஐசோலேட்டரை இறக்கிவிட்டு, வயரிங் வேலை செய்யும் தஞ்சோங் கிளிங் ஊர்த் தங்கராஜுவுக்குப் போன் போட்டார்.

தங்கராஜு வந்து ஐசோலேட்டரைக் காட்டி, "அங்கிள், இது நீங்க இறக்கினாத்தான் இறங்கும். தண்ணியில கரண்ட் கசியறது இதுக்கு எங்க தெரியும்" என்று சொல்லி, அந்த லைனுக்கும் தனியாக ஒரு இ.எல்.சி.பி. மாட்டினார். சுவிட்சை ஏற்றியதுமே அது விழுந்தது. பம்பு வயரை எலி கடித்துத் தோல் உரிந்திருந்ததாம். போன வருடம் வீடு இருட்டானதும் இதே பம்பால்தான். இப்போது புது பம்பு ஓடுகிறது. பெட்டி சரியாக விழுகிறதா என்று மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் போதும் என்று தங்கராஜு சொன்னார், அப்பா தினமும் காலை ஜெபம் முடிந்ததும் அழுத்துகிறார், குடில் அணைந்ததும் ஆமென் சொல்கிறார்.

நேற்று அவர் வெறுங்காலோடு குடில் முன்னால் குனிந்து, ஓடையில் கையை விட்டபடி வெகுநேரம் நின்றார். என்ன இது என்றேன். "ரையன் வைக்கிறதுக்கு முன்னால நான் வச்சிப் பாக்கணும்ல" என்றார். என் கோபம் அத்தோடு போய்விட்டது, அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஷெர்லீனை அதட்டாதே. மாதா உங்கள் மூவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ரையனிடம் இப்போதே சொல்லி வை, தாத்தாவின் குடிலுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும்.

உன் அம்மா,
ரோசலின் மரியசூசை