அந்தத் தொண்ணூற்றேழு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக அடுத்த வரியில் இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதிவிடுவேன், இந்த முறை அதற்குப் பேனா நகரவில்லை. அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், முதலில் அதைப் படித்துக்கொள். மூன்று நாளாக நீ போன் செய்தபோதெல்லாம் அவள் தூங்குகிறாள் என்றேனே, அது பொய், ஆஸ்பத்திரியில் இருந்தாள். நேற்று மாலைதான் அழைத்து வந்தேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் மழுப்பிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

பஞ்சாலைத் தூசியை இருபத்தாறு வருஷம் விழுங்கிய அம்மாவின் நுரையீரலுக்கு வீட்டிலிருந்தே பயிற்சி என்று நீதான் ஏற்பாடு செய்தாய். வாரம் மூன்று நாள் காலையில் அந்தப் பயிற்சியாளர் பெண் திரையில் வருவாள், அம்மா அவளுக்கு மூச்சு டீச்சர் என்று பேர் வைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் விரலில் கிளிப்பை மாட்டினால் ஆக்சிஜன் எவ்வளவு, நாடி எவ்வளவு என்று அன்றைக்கு முதலில் விழும் இரண்டு எண்கள் மட்டும் டீச்சருக்கும் உன் போனுக்கும் தானாகப் போய்விடும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் அம்மாவின் விரல் ஜில்லென்று இருந்தது, எண் நிலைக்காமல் அலைந்து கடைசியில் வெறும் கோடு காட்டியது. நான் தராசு பழுது பார்த்துப் பிழைத்தவன். தராசு மேல் சந்தேகம் வந்தால் எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். அதே புத்தியில் என் விரலை மாட்டினேன். தொண்ணூற்றேழு. கருவி சரிதான் என்று நான் நிமிர்வதற்குள் அது உனக்கு வந்துவிட்டது, நீ போன் போட்டு, அம்மாவுக்குத் தொண்ணூத்தேழாப்பா, நான் பயந்தே போயிருந்தேன் என்று சிரித்தாய். முந்தின வாரம்தான் எண் இன்னும் இறங்கினால் வேலையை உதறிவிட்டு வருவேன் என்று அழுதிருந்தாய். அந்தச் சிரிப்பை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை என்று ஆகிவிட்டது. டீச்சர் திரைக்கு வருமுன் என் விரலில் மாட்டி அனுப்பிவிடுவேன், உன் கை ஜில்லுன்னு இருக்கு, அப்புறம் பாக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுவேன். முதல் நாளையும் சேர்த்து எட்டுத் தடவை. நாடி ஏன் நூற்றுப் பத்தில் ஓடுகிறது என்று நீ ஒரு நாள் கேட்டாய், இப்போதுதான் மாடி ஏறி வந்தாள் என்றேன்.

அந்த எண்ணை நம்பி டீச்சர் நடையைக் கூட்டினாள். செவ்வாய்க்கிழமை ஹாலுக்கும் வாசல் கதவுக்கும் பத்து நிமிஷம் நடக்கச் சொன்னாள், ஆறாவது நிமிஷத்தில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள், உதடு கருத்துப்போனது. சார், கிளிப்பை நான் பாக்குறப்பவே அவங்க விரல்ல மாட்டுங்க என்று திரையிலிருந்து டீச்சர் கத்தினாள். எழுபத்தொன்பது. ஆம்புலன்சுக்கு அவளே சொல்லிவிட்டு, அது வரும்வரை அம்மாவை முன்னால் சாய்ந்து உட்காரச் சொல்லி, உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்கம்மா, மெழுகுவத்தி ஆடணும், அணையக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னை அறியாமல் நானும் கூடவே ஊதிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் டீச்சரிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கை ஜில்லுன்னு இருந்தா வெந்நீர்ல கொஞ்சம் வச்சுத் துடைச்சாப் போதுமே சார் என்றாள் டீச்சர். அவள் திட்டியிருந்தால் தேவலை. அம்மாவோ மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்து, ஊரு தராசையெல்லாம் சரி பாத்தீங்க, என்னை மட்டும் ஏத்தாமலே எடை போட்டுட்டீங்களே என்றாள். பிறகு என்னோடு பேசவில்லை. இன்று காலை வெந்நீர்ப் பாத்திரத்தைக் கொண்டுபோய் வைத்தேன், கையை நனைத்துத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினாள். எண்பத்தொன்பது. அவளுக்கு இது போதும் என்கிறார் டாக்டர்.

இனி உனக்கு வரும் எண் கூடினாலும் குறைந்தாலும் அவளுடையது. அதைப் பார்த்து வருவதா இருப்பதா என்று நீயே முடிவு செய், உனக்காக நான் முடிவு செய்த லட்சணத்தைத்தான் பார்த்தாயே. நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு என்றும் உண்டு, என்மேல் கோபமாக இருந்தால் இப்போதைக்கு அம்மாவுடையதை மட்டும் வாங்கிக்கொள். மறக்காமல் உன் போனில் இருக்கும் அந்த எட்டுத் தொண்ணூற்றேழையும் அழித்துவிடு. பக்கத்தில் நூற்றுப் பத்து என்று ஓடிய நாடி மட்டும் பொய் இல்லை பாப்பா, அத்தனை நாளும் எனக்கு அப்படித்தான் அடித்துக்கொண்டது.

இப்படிக்கு,
உன் அப்பா