நீலத் தாள் சுற்றிய தபால் பெட்டி

சட்பரி,
அக்டோபர், புதன்

அன்புத் தங்கை ஐலாவுக்கு,

அண்ணன் ரெய்னோ எழுதுவது. நானும் அம்மாவும் ஏதோ இருக்கிறோம். வான்கூவரில் அந்த டி.வி. போலீஸ் தொடரை எடுத்து முடித்தாயா? வேளைக்குச் சாப்பிடு. வெறும் காப்பியிலேயே காலம் தள்ளாதே.

உன் படக் கம்பெனிக்காரர்கள் ஊரில் வந்து இறங்கிவிட்டார்கள். முதுகு போய்ச் சுரங்கத்தை விட்டவன் என்று பார்க்காமல் எனக்கும் வேலை கொடுத்தார்கள். நம் கனடா ஊரை அமெரிக்க ஊராகக் காட்ட, சட்பரியை மறைக்கிற வேலை. கதை அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் நடக்கிறதாம். நிக்கல் சுரங்கம் என்றால் அமெரிக்காவில் யாருக்கும் புரியாதாம், அதனால் படத்தில் நம் அப்பா நிலக்கரி வெட்டுகிறார். இதற்கெல்லாம் நீ சம்மதித்துவிட்டாய் என்று கம்பெனி மேனேஜர் சொன்னான். நான் நம்பவில்லை. போனில் கேட்டபோது நீ ஊரில் பனி விழுகிறதா என்று விசாரித்தாயே, அப்போது நம்பினேன்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. டொராண்டோவைச் சிகாகோ என்றும் ஹாமில்டனை நியூயார்க் என்றும் காட்டிக் காட்டியே உனக்குத் தலை நரைத்துவிட்டது. அப்பா கதையை ஒருநாள் எடுக்கலாம் என்றுதானே அத்தனையும் செய்தாய். இதையும் வேண்டாமென்றால் உனக்கு இன்னொரு படம் யார் தரப்போகிறார்கள்?

கார்களின் நம்பர் பலகைகளை மாற்றினோம். பள்ளிக்கூடத்துக் கொடியை இறக்கினோம். நம் வீட்டு முனையில் நிற்கும் சிவப்புத் தபால் பெட்டிக்கு நீலத் தாள் சுற்றியது நான்தான். அம்மா ஜன்னலைத் திறந்து, "ஏண்டா, அதுக்கு என்ன சீக்கு, கட்டுப் போடுற?" என்று கேட்டாள். அமெரிக்காவில் தபால் பெட்டி நீலம் என்றேன். "அப்ப நான் எந்த ஊர்க்காரிடா? எனக்கும் ரெண்டு சுத்து சுத்திட்டுப் போ" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று ஏலக்காய் ரொட்டி சுட்டிருந்தாள். எனக்குத் தரவில்லை.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை. சுரங்க விபத்தில் போனவர்களின் நினைவுக்கல் இருக்கிறதே, அதன் உச்சியில் நம் கனடா கொடியில் இருக்கிற மேப்பிள் இலை செதுக்கியிருக்கிறது. காமிராவில் விழும், பலகை அடித்து மூடு என்றார்கள். அப்பாவின் பெயரும் உள்ளே போய்விட்டது. அவர் கதையை எடுக்க அவர் பெயரை மூடியிருக்கிறேன், ஐலா. அழுதுகொண்டேதான் ஆணி அடித்தேன்.

உன் முதல் படப்பிடிப்பு ஞாபகமிருக்கிறதா? நியூயார்க் தெருவில் சிவப்புத் தபால் பெட்டி ஒன்று தெரிந்துவிட்டது என்று எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வைத்தார்கள். "கண்ணை வீட்டுல வச்சுட்டு வந்தியாம்மா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார்கள். அதற்குப் பிறகு உன் கண்ணுக்கு ஒரு பெட்டிகூடத் தப்பியதில்லை.

நீ திங்கட்கிழமை வருவதற்குள் கொல்லையில் நீராவிக் குளியலுக்கான சவுனா அறை அடுப்பை மூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறாள் அம்மா. கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதே. நீ குளிரில் நடுங்குவாய் என்கிறாள், அவ்வளவுதான்.

தபால் பெட்டியில் தாளின் ஒரு மூலையை ஒட்டாமல் விட்டிருக்கிறேன். காற்றடித்தால் சிவப்பு தெரியும். நீ பார்த்ததும் ஒட்டச் சொல்வாய், நானும் ஒட்டிவிடுவேன், அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். ஒரே ஒரு ஷாட்டில் மட்டும் அதைப் பார்க்காதவள் மாதிரி இரு, தங்கச்சி.

உன் அண்ணன்,
ரெய்னோ