ஜன்னலோரம் கேட்ட ஜெபம்

அம்மணி,

குழந்தையை அடக்கம் செய்தபின் அன்னூரில் உன் அம்மா வீட்டுக்குப் போன நீ, போன வாரம் போனில் சிரித்தாய். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தினமும் ஜெபிக்க வரும் ராசம்மாக்கா எதையோ சொல்லி உன்னை மயக்குகிறார் என்று நினைத்தேன்.

நேற்று சொல்லாமல் வந்து ஜன்னலோரம் நின்றேன். அக்கா வாயே திறக்கவில்லை. உன் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். நீதான் பேசினாய்.

"ஆண்டவரே, என்கூட அழுகறதுக்கு அக்கா இருக்காங்க. ஊட்டுக்காரரு சிங்காநல்லூர்ல தனியா இருக்காருங்க. நீங்க அவருகூட இருங்க."

கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன்.

உன் ஆண்டவர்மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனால் அடக்கத்தன்று வராத அழுகை, திரும்பும் பஸ்ஸில் வந்தது. அழுது முடித்ததும் பசித்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வாரேன். பக்கத்தில் இடம் வை.

உன் வீட்டுக்காரன்