கெட்டிலுக்கு மேலே

செப்டம்பர் 4, திங்கள்

புதிய ஏழாம் வகுப்பு. இருபத்து நான்கு தலைகள். பாதிக்கு இன்னும் ஆரம்பப் பள்ளி நினைப்புத் தெளியவில்லை.

முதல் பாடம் வழக்கம்போல திசைகள். வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, "மேலே இருப்பது எந்தத் திசை?" என்று கேட்டேன். இருபத்து நான்கு கைகளும் ஜன்னலைக் காட்டின. காற்று வரும் பக்கம், கிழக்கு. பதினாறு வருடமாக ஒவ்வொரு செப்டம்பரும் இதே ஜன்னல்தான். இந்தத் தீவில் காற்று எங்கிருந்து வருகிறதோ அது மேலே, எங்கே போகிறதோ அது கீழே. பாய்மரக் காலத்துப் பழக்கம், பாயெல்லாம் போன பிறகும் போகவில்லை. என் தம்பி அர்னெல் சரிவில் இறங்கித் துறைக்குப் போகும்போதுகூட "மேல போயிட்டு வரேன்க்கா" என்பான்.

ஆனால் பரீட்சைத் தாளை எங்கள் காற்றைக் கேட்டு அச்சடிப்பதில்லை. போன வருடம் வரைபடக் கேள்வியில் பாதிப் பேர் கோட்டை விட்டார்கள். தலைமையாசிரியர் கஃபி ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் சொன்னார், "உங்க பசங்க தீவையே தூக்கித் திருப்பி வெச்சுட்டாங்க, அயாந்தி." காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த வருடம் ஒருத்தரையும் விடப்போவதில்லை.

செப்டம்பர் 6

இரண்டாம் வரிசையில் கெசியா என்று ஒருத்தி. மீன்காரர் எல்ஃபோர்டின் மூத்த மகள். சனிக்கிழமைகளில் அப்பாவோடு படகில் போய் மீன்கூடு தூக்குகிறவள், உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. எழுந்து நின்று வாதாடினாள்.

"மிஸ், காத்து வர்ற பக்கம்தானே மேல? படகை அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க, ஏறுற மாதிரியே இருக்கும்."

"வரைபடத்துல காத்து அடிக்காதும்மா."

"அப்ப அதை வெச்சு எப்படி மிஸ் படகு ஓட்டுறது?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. "வரைபடத்தில் மேலே என்றால் வடக்கு" என்று இருபது முறை எழுதி வரச் சொன்னேன். வாய் கொஞ்சம் நீளம். எனக்குப் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 7

எழுதி வந்துவிட்டாள். எண்ணிப் பார்த்தால் இருபத்தொரு வரி. கடைசி வரி: "கடலில் மேலே என்றால் கிழக்கு." அதைச் சிவப்பு மையால் அடித்தேன்.

அக்டோபர் 12

எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மிஸ் வடக்கு. ரொட்டிக் கடைக்காரன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான். இருக்கட்டும். வேறு வாத்தியார்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தால் இது பட்டம்.

நவம்பர் 20

துறையில் கெசியாவின் அம்மா மார்வலின் என்னை மடக்கிப் பிடித்தாள். ஒரு கையில் மீன் கோத்த கம்பி, மறு கை இடுப்பில்.

"எம்பொண்ணை என்ன மிஸ் பண்ணி வெச்சிருக்கீங்க? உப்பு டப்பாவை மேல தள்ளுடின்னா, கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. 'எந்த மேலம்மா, மிஸ்ஸோட மேலயா, நம்ம மேலயா'ங்கறா. குழம்பு கொதிக்குது, இவ விசாரணை பண்றா!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், எனக்கு இரண்டு மீனும் கொடுத்தாள். வீடு வரும்வரை காலே தரையில் பாவவில்லை. ஒரு பிள்ளையின் தலைக்குள் ஒன்றைப் புகுத்திவிட்டேன் என்பது எத்தனை நாளைக்கு ஒருமுறை தெரியவரும்? மீனைப் பொரித்து அர்னெலுக்கும் கொடுத்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

வரைபடத் தேர்வு. கெசியா இருபதுக்கு இருபது. கஃபி தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

வகுப்பு முன்னால் அவளை நிற்கவைத்துச் சொன்னேன், "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மேலேன்னா வடக்குன்னுதான் வரணும்."

"வரும் மிஸ்" என்றாள்.

மார்ச் 10, சனி

காலை பத்தரைக்கு அர்னெலின் கைபேசிக்குக் கெசியா அழைத்திருக்கிறாள். அப்பாவோடு போனவள். எஞ்சின் நின்றுவிட்டது, எல்ஃபோர்டுக்குக் கையில் அடி, நங்கூரம் போட்டிருக்கிறார்கள். "கெட்டிலுக்கு மேல இருக்கோம் மாமா" என்று சொல்லும்போதே தொடர்பு அறுந்துபோயிற்று. பிறகு எடுக்கவில்லை.

கெட்டில் பாறைக்கு ஒரு மணி நேரம்தான். அர்னெலும் இன்னும் ஐந்து படகுகளும் போயிருக்கின்றன. எல்ஃபோர்டு எப்போதும் கூடு போடுவது பாறைக்குக் கிழக்கேதான், அதனால் சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் கூட்டி வந்துவிடுவார்கள். திங்கட்கிழமை இவள் இதை வகுப்பில் எவ்வளவு நீட்டிச் சொல்வாள் என்று இப்போதே தெரிகிறது.

மார்ச் 11

இல்லை. கிழக்கே கடலைச் சல்லடை போட்டுவிட்டார்கள். இல்லை.

மார்ச் 12

எல்ஃபோர்டு கிடைத்துவிட்டார். மேற்கே வெகு தூரத்தில், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு. ஒரு சரக்குக் கப்பல்காரர்கள் பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள்.

அவர் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் கை வழுக்கிப் போனாளாம். பன்னிரண்டு வயது. இன்னும் என் மேஜையில் அவளுடைய நோட்டு திருத்தாமல் கிடக்கிறது. என்ன பிள்ளை. என்ன பிள்ளை அது.

மார்ச் 14

பக்கத்துப் பெருந்தீவின் மருத்துவமனைக்குப் போய் எல்ஃபோர்டைப் பார்த்துவிட்டு அர்னெல் வந்தான். அவர்கள் கிழக்கே போகவே இல்லையாம். கொஞ்ச நாளாக மீன் இல்லை என்று அன்றைக்குக் கெட்டிலுக்கு வடக்கே போயிருக்கிறார்கள். சனிக்கிழமை முழுக்க அங்கேயே நங்கூரத்தில் நின்றிருக்கிறார்கள். தூரத்தில் எங்கள் படகுகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தனவாம், சட்டையைக் கழற்றி ஆட்டியிருக்கிறார். இருட்டின பிறகுதான் கயிறு அறுந்தது.

"மேலன்னுதான் சொன்னாக்கா. என் காதுல அப்படித்தான் விழுந்துச்சு. என் படகு எஞ்சின் சத்தத்துல நான்தான் தப்பா வாங்கிட்டேன் போல."

நான் அவனுக்குச் சூடாகக் கோகோ போட்டுக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை.

எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. என்னவென்று பார்க்க மனசு வரவில்லை.

மார்ச் 18, ஞாயிறு

உடல் இல்லாமலேயே மாதா கோயிலில் பூசை. பிறகு எல்லோரும் எல்ஃபோர்டு வீட்டுக்குப் போனோம். கையில் கட்டோடு நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நான் எஞ்சின்கிட்ட கிடந்தேன், அவதான் போன் பண்ணா. பண்ணிட்டு வந்து என்ன சொன்னா தெரியுமா? 'பயப்படாதீங்கப்பா, எங்க இருக்கோம்னு சரியா சொல்லிட்டேன், மிஸ் சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னேன்'னா. நாள் பூரா அதையேதான் சொல்லிட்டிருந்தா. வந்துருவாங்கப்பா, சரியா சொல்லியிருக்கேன்னு. உங்களை நெனச்சுக்கிட்டேதான் மிஸ் இருந்தா."

அவர் அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னார்.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 19

மிஸ்ஸோட மேலயா, நம்ம மேலயா.

மார்ச் 21

பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கடலில் பிறந்து கடலில் வளர்ந்த பிள்ளை, படகில் நின்றுகொண்டு எதற்கு என் வார்த்தையைச் சொன்னாள்? பயந்திருப்பாள். பெரியவர்களிடம் முக்கியமான சேதி சொல்ல வேண்டும், தப்பு வந்துவிடக் கூடாது. அப்போது பள்ளிக்கூட வார்த்தைதானே வாயில் வரும்? வடக்கு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதைத்தானே நான் சொல்லிக்கொடுத்தேன் — இல்லை. பொய் சொல்லாதே, அயாந்தி. நீ சொல்லிக்கொடுத்தது "மேலே". தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்.

வரைபடத்தில் என்றுதான் சொன்னேன் என்று வாதாடிப் பார்த்தேன். கடல் வேறு என்று அவள்தான் எழுதிக் காட்டினாளே. அதை அடித்தது யார்?

மார்ச் 27

பதினேழு நாளாக அர்னெல் கடலுக்குப் போகவில்லை. படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டுவிட்டான். எதிரில் யாராவது பேசினால் இரண்டு தடவை சொல்லச் சொல்கிறான். காது மந்தமாகிவிட்டது என்று அவனாகவே நம்பத் தொடங்கிவிட்டான். இருபது வருடம் எஞ்சின் பக்கத்தில் இருந்தவன் அல்லவா, அப்படித்தான் ஆகும் என்று ஊரும் சொல்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. என் தம்பி இல்லாத செவிட்டைச் சுமந்துகொண்டு திரிய, நான் ரொட்டியும் கருவாடும் வைத்துக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 2

சொல்லிவிட்டேன். அர்னெலிடம் எல்லாவற்றையும்.

தரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப எனக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சா?" என்றான்.

"நல்லாத்தான் கேட்டுச்சு."

"மூணு வாரமா பாத்துக்கிட்டு இருந்தியேக்கா."

திட்டவில்லை. அடித்திருக்கலாம். எழுந்து போய்விட்டான். வாசலில் போகும்போது எந்தப் பக்கம் போகிறேன் என்று அவன் சொல்லவில்லை.

ஏப்ரல் 14

மார்வலினிடம் போனேன். சனிக்கிழமை. எல்ஃபோர்டு கட்டுப் பிரிக்கப் போயிருந்தார். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், சின்னவள் டெசா கவ்விகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டெசாவை உள்ளே போகச் சொன்னாள். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை ஆரம்பிக்கவே இல்லை.

"தெரியும் மிஸ்" என்றாள். "அவ 'மேல'ன்னு சொன்னான்னு அர்னெல் வந்து சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அப்ப தோணல. அவர் வடக்கன்னு சொன்ன அன்னைக்குத் தோணுச்சு. எந்த மேலன்னு அர்னெல் கேக்கல. அவனுக்கு ஒரே மேலதானே தெரியும். எனக்கு ரெண்டும் தெரியும் மிஸ். நான்தான் கேட்டிருக்கணும். அவ என்னைத்தான் தெனம் கேட்டுக்கிட்டிருந்தா."

"மார்வலின், இது உன் தப்பு இல்ல. நான்தான் —"

"நீங்கதான். இல்லன்னு சொல்ல மாட்டேன்."

மிச்சத் துணியைக் கொடியில் போட்டாள்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. பொண்ணு சரியா சொன்னாங்கற ஒண்ணைப் புடிச்சிக்கிட்டுதான் அந்த மனுஷன் சோறு திங்கறாரு." பிறகு உள்ளே போய்ப் பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்து என் கையில் திணித்தாள். "இதை வீட்டுல வெச்சுக்க முடியல. எரிக்கவும் மனசு வரல. நீங்க வெச்சுக்கங்க."

வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். இருபது வரி நீல மையில். இருபத்தொன்றாவது வரிக்கு மேல் என் சிவப்புக் கோடு. அளவுகோல் வைத்து, நேராக, அழுத்திப் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 19

நாற்பதாம் நாள். கடற்கரையில் பாட்டுப் பாடிப் பூப்போட்டார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். பூவெல்லாம் கீழ்ப்பக்கம் போயின — மேற்கே. மேற்கே என்று எழுத வேண்டும்.

ஜூன் 8

அர்னெல் கடலுக்குப் போனான். போவதற்கு முன் என் வீட்டு வாசலில் நின்று, "கிழக்க போறேன்க்கா" என்றான். ஏப்ரலுக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

ஜூலை 11

வரைபடக் கேள்வியில் என் ஏழாம் வகுப்பு இந்த வட்டாரத்திலேயே முதலாம். கஃபி கைகொடுக்க வந்தார். புவியியலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். "வேற யார் இருக்காங்க அயாந்தி?" என்றார். உண்மைதான், வேறு யாரும் இல்லை.

செப்டம்பர் 3, திங்கள்

புதிய ஏழாம் வகுப்பு. இருபத்து இரண்டு பேர். வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, டெசா. மார்வலின் அவளைப் பெருந்தீவுப் பள்ளிக்கு அனுப்பிவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் பை.

வரைபடத்தை மாட்டினேன். அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். "இதில் வடக்கு எங்கே?" என்று மட்டும் கேட்டேன். முன்வரிசையில் ஒருவன், "மேல இருக்கு மிஸ்" என்றான். அவன் பக்கத்தில் இருந்தவள், "போடா, மேல ஜன்னல் பக்கம்" என்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்த ஆரம்பித்தது. டெசா கை தூக்கினாள்.

"மிஸ், எங்க வீட்டுல அந்த வார்த்தை சொல்றதில்ல."

வகுப்பு அடங்கிவிட்டது.

"வேற என்னம்மா சொல்வீங்க?"

"வடக்குன்னா வடக்கு, கிழக்குன்னா கிழக்கு. உப்பு டப்பாவைக்கூட அப்படித்தான் மிஸ். அம்மா சொல்லியிருக்காங்க."

உட்காரச் சொன்னேன். பிறகு நான்கு திசைகளின் பெயரையும் பலகையில் எழுதிப் போட்டேன். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.