மரியம் போட்ட கையெழுத்து

7.1.2025, செவ்வாய்

இன்றும் நாற்காலியில் உட்கார்ந்துதான் லுஹர் தொழுதேன். நெற்றி தரையில் பட்டு எட்டு மாதம் ஆகிறது. இடுப்பில் ஆரம்பித்து இடது கால் வரை சுண்டி இழுக்கிறது. ரமலானுக்குள் தரையில் சஜ்தா செய்துவிட வேண்டும். அல்லாஹ்விடம் வேறெதுவும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் காரணம் என் நாத்தனார் மரியம் பீவி. மகன் அசீம் பிறந்தது 1985 ஆகஸ்ட் 14, புதன்கிழமை. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். கடையிலிருந்து என் வீட்டுக்காரர் வருவதற்குள், என் முதுகில் மரத்துப்போகும் ஊசி போட இவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். நான் எதையும் மறப்பதில்லை.

20.1.2025, திங்கள்

டாக்டர் பவதாரிணி ஸ்கேன் படத்தைப் பார்த்தார். சின்னப் பெண். எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். முதலில் ஓர் ஊசி. அதற்கும் கேட்கவில்லை என்றால் சின்னத் துளை போட்டு, பிதுங்கியதை மட்டும் வெட்டி எடுப்பார்களாம்.

"ஊசி எங்கே போடுவீங்க?"

"முதுகுலதாம்மா."

எனக்கு வந்ததே கோபம்! "ஊசியாலதானே இம்புட்டும்!" என்று 1985-ஐ முழுதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அந்த மருந்து அன்னைக்குச் சாயங்காலமே கரைஞ்சு போயிருக்கும்மா. இது வயசுல வந்த தேய்மானம்."

மருந்து கரைந்திருக்கும். மரியம் கரையவில்லையே?

21.1.2025

அப்படியென்றால் நாற்பது வருசமாக எதற்காகத் திட்டினேன்? — சரி, வேறு காரணம் கிடைக்காமலா போகும்.

4.2.2025, செவ்வாய்

ஊசி போட்டாயிற்று.

அசீம் வண்டியை நிறுத்தப் போய்விட்டான். என் பக்கத்தில் மரியம். நான் கூப்பிடவில்லை, கஞ்சித் தூக்கோடு அவளே வந்து நின்றாள். நர்ஸ் ஆன்மேரி தாளை நீட்டி, "கூட வந்தவங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள். மரியம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஆத்தாடி! ஒருக்கா போட்டதுக்கே நாப்பது வருசமா வாங்கிக் கட்டிக்கிட்டு இருக்கேன். ஆளை விடு."

நர்ஸ் திருதிருவென்று விழித்தாள்.

"போடுடி" என்றேன்.

"நாளைக்குச் சொல்லிக்காட்ட மாட்டியே மதினி?"

"அதை அப்புறம் பார்ப்போம். போடு."

குனிந்து எழுதிக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு வயித்துல பிள்ளைக்கு நாடி இறங்குதுன்னாங்க. அண்ணன் வரட்டும்னு நின்னிருந்தா அசீம் இல்ல."

கையெழுத்தில் 'பீவி' பாதியில் நின்றது.

இதை ஏன் இத்தனை வருசம் சொல்லவில்லை? — நான் எங்கே சொல்லவிட்டேன்!

குப்புறப் படுக்க வைத்து, திரையில் எலும்பைப் பார்த்தபடியே போட்டார்கள். எறும்பு கடித்த மாதிரி. இதற்கா அம்புட்டுப் பயந்தேன்!

6.2.2025

சர்க்கரை 290. ஊசி மருந்தால் ஏறும், சில நாளில் இறங்கிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். என் எதிரிலேயே உட்கார்ந்து அசீம் அல்வா தின்கிறான். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

19.2.2025, புதன்

கீழமாசி வீதி வரை நடந்தேன். திரும்பியும் நடந்தே வந்தேன். கால் இழுக்கவில்லை!

2.3.2025, ஞாயிறு, முதல் நோன்பு

லுஹருக்குப் பாயை விரித்தேன். அசீம் தாங்கிப் பிடிக்க வந்தான். தள்ளி நில் என்றேன்.

நெற்றி பாயில் பட்டது. எழவே மனமில்லை.

தொழுது முடித்து, மறைந்த என் வீட்டுக்காரருக்கு, அசீமுக்கு, பேத்தி ருமானாவுக்கு என்று வழக்கம்போல் துஆ கேட்டேன். அடுத்து, நான் நினைக்காமலே மரியம் பெயர் வாயில் வந்தது. வந்ததைத் தடுக்கவில்லை. அவளுக்கு முழங்கால் வலி. அதையும் சேர்த்துக் கேட்டேன்.

அவளிடம் சொல்ல மாட்டேன். தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.